கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எலக்ட்ரிக்கல் கடைக்கு அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் கடை எங்களுடையது. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகல." அடுத்த வாக்கியமே, "பேட்டரி மாத்திடலாமா?" என்பதாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருது?" அதற்குச் சரியான பதில் வந்துவிட்டால், பாதிக் கோளாறு போனிலேயே பிடிபட்டுவிடும். சத்தத்தைக் கேட்காமல் பொருளை மாற்றினால், நல்லாயிருந்த பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்க வேண்டியதுதான். போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"அண்ணே, கார் ஸ்டார்ட் ஆகல. முதல்ல எதைப் பாக்கணும்?"

பானெட்டைத் திறக்கும் முன் காதைத் திறங்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசி, பாட்டு, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை ஒருமுறை திருப்புங்கள். நான்கில் ஒன்று நடக்கும். எந்தச் சத்தமும் இருக்காது. அல்லது "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடிக்கும். அல்லது "டக்" என்று ஒரே ஒரு அடி கேட்டு அடங்கிவிடும். அல்லது செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. முதல் மூன்றும் பெரும்பாலும் கரண்ட் பக்கம்: பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார். நான்காவது வேறு வகை. அங்கே பேட்டரிக்கு வேலையில்லை. எரிபொருள், ஸ்பார்க், சென்சார், சாவியின் சிப் என்று தேட வேண்டும்.

இன்னொன்று. பிடிக்கவில்லை என்றால் சாவியை விடாமல் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி, மிஞ்சினால் பத்து விநாடி. பிறகு அரை நிமிடமாவது ஓய்வு. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாமான். தொடர்ந்து அடித்தால் அதுவும் சூடேறும், பேட்டரியும் படுத்துவிடும். அப்புறம் ஒரு கோளாறு இரண்டு கோளாறாகிவிடும்.

"டிக் டிக்னு மட்டும் அடிக்குது. பேட்டரி போச்சுன்னு அர்த்தமா?"

போயிருக்கலாம், வெறும் சார்ஜ் இறங்கியிருக்கலாம், இரண்டும் இல்லாமல் டெர்மினல் லூசாகவும் இருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒரு ஆளை முன்னால் நிறுத்தி, சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி அணைந்துபோகிறது என்றால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது கரண்ட் வரும் வழியில் எங்கோ தடை. வெளிச்சம் அப்படியே இருக்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு செல்ஃப் பக்கம் போகலாம்.

கையில் வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்தான், கார் வைத்திருப்பவர் வீட்டில் ஒன்று இருக்கலாம். இரவெல்லாம் சும்மா நின்ற காரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. நிற்கும்போது 12.6 காட்டி, செல்ஃப் அடித்ததும் 7-க்கோ 8-க்கோ விழுகிறதா? அந்த பேட்டரி உள்ளுக்குள் செத்துவிட்டது. சார்ஜ் போட்டுப் பயனில்லை.

"டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்திருக்கு. சுரண்டி விட்டா போதுமா?"

பல நேரங்களில் அதுவே போதும். புது பேட்டரி வாங்க வந்தவரை டெர்மினல் துடைத்து அனுப்பிய காலைகள் எங்கள் கடையில் நிறைய. அந்தப் பூப்புக்கு அடியில் ஒயர் முனையின் கிளாம்ப்புக்கும் பேட்டரியின் கம்பத்துக்கும் நடுவில் சரியான தொடர்பு இருக்காது. லைட் எரிய அது போதும், செல்ஃப் இழுக்கப் போதாது. கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அங்கேதான் கோளாறு.

கழற்றும்போது முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போதே பிளஸ்ஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெரும்பாலான கார்களுக்கு 10 சைஸ் ஸ்பேனர் போதும். வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்துக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. காயவிட்டு, கிளாம்ப்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். வாசலினைத் தடவிவிட்டு மாட்டக் கூடாது. மாட்டிவிட்டுத்தான் தடவ வேண்டும்.

பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரையும் அப்படியே பின்தொடர்ந்து பாருங்கள். அதன் மறுமுனையில் துரு ஏறியிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர் வண்டிகளில் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

"லைட், ஹாரன் எல்லாம் நல்லா இருக்கு. சாவியைத் திருப்பினா சத்தமே இல்ல. ஏன்?"

முதலில் கேட்கக் கூச்சமாக இருக்கும் கேள்வி: கிளட்ச்சை முழுசாக மிதித்தீர்களா? இப்போதைய பல கார்களில் கிளட்ச் அடிவரை போனால்தான் செல்ஃப் எடுக்கும். கீழே மிதியடி சுருண்டு மாட்டியிருந்தால்கூட சுவிட்ச் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் பி-யில் இருந்தும் எடுக்காதபோது, பிரேக்கை மிதித்துக்கொண்டே என்-க்கு மாற்றி முயன்று பாருங்கள். என்-இல் எடுத்தால் கியர் லீவர் சுவிட்ச்சில் கோளாறு, பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம்.

பட்டன் ஸ்டார்ட் ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரேக் மிதித்ததை கார் தெரிந்துகொள்வது பிரேக் லைட் சுவிட்ச் வழியாக. அந்தச் சுவிட்ச் போனால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் மீட்டர் விளக்குகள் மட்டும் எரியும். பின்னால் ஒருவரை நிற்க வைத்து, பிரேக் லைட் எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் ஆள் பிடிபட்டார். மாற்றும் செலவும் சிறியதுதான்.

இதெல்லாம் சரி, "டக்" என்று ஒரு அடி மட்டும் கேட்கிறது என்றால் செல்ஃப் மோட்டார்தான். உள்ளே இருக்கும் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது அதன் மேல் இருக்கும் சோலனாய்டு என்ற காந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் மேல் ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். இது கடைக்குப் போய்ச் சேரும் வரைக்குமான வழி. தட்டித் தட்டியே ஒரு மாதம் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டி ஒருநாள் தட்டினாலும் எடுக்காத இடமாகப் பார்த்துத்தான் நிற்கும்.

"சாவியே திரும்ப மாட்டேங்குது!"

ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். பலத்தைச் சாவியில் காட்டாதீர்கள், ஒடிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

"பக்கத்து வீட்டு கார்ல இருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாமா? லாரியில இருந்தும் எடுக்கலாமா?"

கார் என்றால் எடுக்கலாம். லாரி, பஸ் வேண்டவே வேண்டாம். அவற்றில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுகிறது. அதைக் காரின் 12 வோல்ட்டில் கொண்டுவந்து மாட்டினால் கம்ப்யூட்டர் போகும், பேட்டரியே வெடிக்கக்கூடும். நெடுஞ்சாலையில் நின்றுபோனால் உதவிக்கு வருவது லாரிக்காரர்தான். நல்ல மனசோடு ஒயரை நீட்டுவார். நன்றி சொல்லி, போகிற வழியில் மெக்கானிக்கிடம் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

காரிலிருந்து எடுக்கும்போது இரண்டு வண்டியும் ஆஃப், ஒன்றோடொன்று தொடக் கூடாது. சிவப்பு ஒயரின் ஒரு முனை படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனையை மட்டும் படுத்த பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கடைசி முனை தொடும்போது பொறி வரும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. நல்ல காரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு முயன்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்றுங்கள்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மேலே ரப்பர் பருமனாகவும் உள்ளே செம்பு மெலிதாகவும் இருக்கும் மலிவு ஒயர், சூடாகுமே தவிர செல்ஃபைச் சுற்றாது. சின்ன பெட்ரோல் காரிலிருந்து பெரிய டீசல் வண்டிக்கு எடுப்பதும் சிரமம்தான். சின்ன காரில் 35 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இருக்கும், டீசல் வண்டி அதைப் போல இரண்டு பங்கு கேட்கும்.

"அந்தக் காலத்துல தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம். இப்பவும் பண்ணலாமா சார்?"

மேனுவல் கியர் வண்டியில் மட்டும், அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கார்பரேட்டர் இருந்தது. பெட்ரோலை இன்ஜினே உறிஞ்சிக்கொள்ளும். இப்போது பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால், ஊரே சேர்ந்து தள்ளினாலும் பிடிக்காது.

விளக்கு எரிந்தால் சாவியை ஆனில் வைத்து, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, வண்டி ஓரளவு வேகம் எடுத்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, பிடித்த உடனே மறுபடி மிதிக்க வேண்டும். முதல் கியர் கூடாது, குலுங்கி நின்றுவிடும். இன்ஜின் ஓடாதபோது ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். அதனால் இறக்கத்தில் உருட்டி முயல்வது ஆபத்து. ஆட்டோமேட்டிக்கில் இந்த யோசனையே வேண்டாம்.

"பேட்டரி மாத்தி ஆறு மாசம் ஆகல, திரும்பவும் டவுன். கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். பேட்டரி டவுன் ஆக மூன்று காரணம் உண்டு: பேட்டரியே மோசம், சார்ஜ் ஏறவில்லை, அல்லது நிற்கும்போது கசிகிறது.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பது சுலபம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். சில புதிய கார்களில் எரிபொருள் மிச்சம் பிடிக்க கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும். ஹெட்லைட், ஏசி போட்டுவிட்டுப் பாருங்கள். 12.3 என்று காட்டி இன்னும் இறங்கிக்கொண்டே போனால், நாம் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. பெல்ட் நழுவலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் போயிருக்கலாம். ஓடும்போது டேஷ்போர்டு மீட்டரில் பேட்டரி படம் சிவப்பாக எரிந்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்ப்பைப் பிடுங்கி, "வண்டி நிக்கல, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வண்டிக்கு அது ஓடியது. இப்போதைய காரில் பிடுங்கிய அந்தக் கணத்தில் வோல்ட் எகிறி, கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்விடும். யாராவது ஸ்பேனரோடு அதைச் செய்யப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கசிவைப் பிடிப்பது கொஞ்சம் பொறுமையான வேலை. மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, கதவெல்லாம் பூட்டி, அரை மணி நேரம் விட வேண்டும். கார் தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றும்போது விழுகிறதோ அந்த வழியில் தேட வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். எங்கள் அனுபவத்தில் குற்றவாளி பெரும்பாலும் பின்னால் மாட்டிய சாமான்தான்: டேஷ் கேமரா, ஜிபிஎஸ், பெரிய ஆம்ப்ளிஃபயர். டிக்கியை மூடிய பிறகும் உள்ளே அணையாத குட்டி பல்பும் உண்டு.

"மூணு மாசம் வெளிநாடு போறோம். வாரா வாரம் வாட்ச்மேன்கிட்ட சொல்லி ஸ்டார்ட் பண்ணி வைக்கவா?"

வேண்டாம். ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், செல்ஃப் எடுத்த சார்ஜ்கூடச் சரியாகத் திரும்ப ஏறாது. அரை மணி நேரம் ரோட்டில் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றித் துணி சுற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

கணக்கு இதுதான்: மேலே சொன்ன 50 மில்லி ஆம்பியர் கசிவு ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் இரண்டே வாரத்தில் பாதி காலி. அதில் பாதிதான் கசிகிறது என்றாலும் மூன்று மாதம் தாங்காது. 2020 ஊரடங்கு தளர்ந்த சமயம் ஊரெல்லாம் பேட்டரி கடைகளில் வரிசை நின்றதற்கு இதுவே காரணம். காலியான பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் உள்ளே தகட்டில் படிமம் கட்டி, மறுபடி சார்ஜ் ஏறாத நிலைக்குப் போய்விடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. குளிரை விட சூடுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. மூன்று நான்கு வருடம் ஓடினாலே நல்ல பேட்டரி என்பேன்.

கிளாம்ப்பைக் கழற்றினால் கடிகாரமும் ரேடியோவும் அழியும், கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறுவது நிற்கும். வந்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். பூட்டும் முன் ஒன்று கவனியுங்கள்: கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் பூட்டித் திறக்க வேண்டும்.

"செல்ஃப் சூப்பரா அடிக்குது. வண்டி மட்டும் பிடிக்கவே மாட்டேங்குது."

முதல் கேள்வியில் சொன்ன நான்காவது வகை. சாவியை ஆனில் மட்டும் வைத்து மீட்டரைப் பாருங்கள். மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். வழக்கமாக அது எரிந்தால் பயப்படுவோம். இங்கே எரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை என்று அர்த்தம், மெயின் ரிலேயையும் (கரண்ட்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச் பெட்டி) ஃபியூஸையும் பாருங்கள். அடுத்து, சாவி படம் அல்லது பூட்டுப் படம் மினுக்குகிறதா? சாவியின் சிப்பை வண்டி ஏற்கவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து பாருங்கள். சிப் இல்லாமல் ரோட்டோரத்தில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், வண்டியை எடுக்காது.

பெட்ரோல் காரில் சாவியை ஆனில் வைத்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று மெல்லிய சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் அது. பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் இல்லையென்றால் பம்ப்பின் ஃபியூஸ், பிறகு ரிலே. ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரி இருந்தால், எண்ணைச் சரிபார்த்து மாற்றி மாட்டிப் பாருங்கள். ஹாரன் போய் வண்டி வந்தால், கோளாறு அந்தச் சின்னப் பெட்டிதான். பழைய ஃபோர்டு, ஃபியட் கார்கள் சிலவற்றில் விபத்தின்போது பெட்ரோலை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது விழுந்துவிடும். அதன் பட்டனை அழுத்தினால் வண்டி எதுவும் நடக்காதது போல ஓடும்.

"ஆக்ஸிலேட்டரை மிதிச்சு மிதிச்சு ஸ்டார்ட் பண்ணா சீக்கிரம் பிடிக்குமா?"

அதுவும் கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். இன்ஜெக்டர் வண்டியில் செல்ஃப் எடுக்கும் முன் எத்தனை முறை மிதித்தாலும் ஒரு சொட்டு பெட்ரோல் போகாது.

ஆனால் ஒரு இடத்தில் ஆக்ஸிலேட்டர் உதவும். காரை ஷெட்டிலிருந்து வாசலுக்கு எடுத்து உடனே அணைத்துவிட்டு, மறுநாள் எடுத்தால் பிடிக்காது, பெட்ரோல் வாடை தூக்கலாக வரும். பிளக் நனைந்துவிட்டது. அப்போது ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். இருமி இருமிப் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

"டீசல் காலியாகி நடு ரோட்டுல நின்னுடுச்சு. அஞ்சு லிட்டர் ஊத்தியும் எடுக்கல."

ஏர் பிடித்துவிட்டது. குழாயில் காற்று புகுந்தால் டீசல் பம்ப்புக்கு அழுத்தம் கிடைக்காது. பல வண்டிகளில் டீசல் ஃபில்டர் அருகே கையால் அழுத்தும் ரப்பர் பந்தோ, குமிழோ இருக்கும். அது கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கைப்பம்ப் இல்லாத வண்டியில் டேங்க்கிலேயே மின்பம்ப் இருக்கும். சாவியை ஆன் ஆஃப் என்று நாலைந்து முறை செய்தால் அதுவே நிரப்பிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகும் வரை செல்ஃபை மட்டும் நம்பி அடித்தால், டீசலே உயவாக இருக்கும் அந்த விலை உயர்ந்த பம்ப் காய்ந்து தேயும்.

ஊட்டி, கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கி, காலையில் டீசல் வண்டி எடுக்கவில்லை என்று போன் செய்பவர்களுக்கு: சாவி ஆனில் வைத்ததும் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு எரியும். ஹீட்டர் பிளக் சூடாகிறது. அது அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். சமவெளியில் அந்த விளக்கைக் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பீர்கள், ஹீட்டர் பிளக் போயிருப்பதும் மலைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

"சி.என்.ஜி. ஃபுல்லா இருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகல. எப்படி?"

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். மாருதி உட்பட பல சி.என்.ஜி. கார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் சி.என்.ஜி.க்கு மாறும். டாடாவின் ஐ-சி.என்.ஜி. கார்கள் நேரடியாக சி.என்.ஜி.யிலேயே எடுக்கும், அது விதிவிலக்கு. சி.என்.ஜி. இருக்கிறதே என்று பெட்ரோலை வறண்டுபோக விட்டால் ஸ்டார்ட் ஆகாதது மட்டுமல்ல, பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்துகொண்டே ஓட வேண்டிய பம்ப் காய்ந்து எரிந்துபோகும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

"காலையில ஒரே அடியில எடுக்குது. ஓடி நிறுத்தினா, அரை மணி நேரம் ஆறினாதான் எடுக்குது."

இதில்தான் வீண்செலவு அதிகம். பிளக், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிவிட்டு வருவார்கள். சூடானால் அடைத்துக்கொண்டு, ஆறினால் சரியாவது கிராங்க் சென்சாரின் குணம். இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அது சொல்லாவிட்டால் பெட்ரோலும் வராது, ஸ்பார்க்கும் வராது. கோளாறு இருக்கும் நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் இன்ஜின் வேகத்தைப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றுகிறது, ஸ்கேனர் பூஜ்யம் காட்டுகிறது என்றால் சென்சாரையோ அதன் ஒயரையோ பிடித்துவிட்டோம். ஆறிய பிறகு ஸ்கேன் செய்தால் எல்லாம் நல்லபிள்ளையாக இருக்கும். அதனால் வண்டியைக் கடைக்குச் சூடாக ஓட்டி வாருங்கள்.

சூட்டில் செல்ஃபே மெதுவாகச் சுற்றுகிறது என்றால் வேறு கதை. அது செல்ஃப் மோட்டாரோ எர்த் ஒயரோதான்.

"சாவி கையிலயே இருக்கு. 'கீ இல்லை'ன்னு காட்டுது."

ரிமோட்டுக்குள் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்திருக்கும். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்துங்கள், பெரும்பாலான கார்கள் அப்படியும் எடுக்கும். சில கார்களில் ரிமோட்டை வைக்க வேறு இடம் இருக்கும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கதவைத் திறக்க ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். காசு பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032 தான், கடிகாரக் கடையிலும் கிடைக்கும். பழசைக் கழற்றி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

"எலி ஒயரைக் கடிச்சிருக்குமோ?"

இரண்டு மூன்று நாள் நின்ற கார், திடீரென்று எடுக்கவில்லை, மீட்டரில் ஏகப்பட்ட விளக்குகள் எரிகின்றன என்றால் முதல் சந்தேகம் எலி மேல்தான். பானெட்டைத் திறந்தால் பேட்டரி மேலேயோ ஓரங்களிலோ புழுக்கை, வெங்காயச் சருகு, தேங்காய் நார் கிடக்கும். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவது வேலையல்ல, மழையில் மறுபடி போகும். ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். புகையிலைக் கட்டு, அந்துருண்டை எல்லாம் ஊரில் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் வேலை செய்யும், அப்புறம் எலி பழகிவிடும். காரை அடிக்கடி எடுப்பதும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதும் இவற்றை விட மேல்.

"மழைத் தண்ணி உள்ள புகுந்துடுச்சு. இப்ப வடிஞ்சிடுச்சு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?"

கூடாது. ஒரே ஒரு தடவைகூட வேண்டாம். இந்த ஒரு பதிலை மட்டும் நான் போனில் கத்தியே சொல்வேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்றதால் கெட்ட கார்கள் ஒரு பக்கம். வடிந்த பிறகு சாவியைத் திருப்பியதால் கெட்ட இன்ஜின்கள் மறுபக்கம்.

காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் சுற்றும்போது பிஸ்டன் தண்ணீரில் மோதி கனெக்டிங் ராடு வளையும். சுத்தம் செய்து ஆயில் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாக மாறும். மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸில் சொல்லி, வண்டியை மேலே ஏற்றிச் செல்லும் டிரக்கில் அனுப்புங்கள். வெள்ளம் சாதாரண முழு இன்ஷூரன்ஸில் அடங்கும். ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் போன இன்ஜினுக்கு, "இன்ஜின் பாதுகாப்பு" என்ற கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள்.

"செல்ஃப் வழக்கத்தைவிட வேகமா, லேசா சுத்துது. நல்ல அறிகுறிதானே?"

இல்லை. நிறுத்திவிடுங்கள். நல்ல இன்ஜினில் செல்ஃப் "ர்ர்-ர்ர்-ர்ர்" என்று தாளத்தோடு திணறும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும் சத்தம் அது. திணறலே இல்லாமல் "விர்ர்ர்" என்று ஒரே சீராகச் சுற்றினால், அமுக்கமே இல்லை. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். இன்னும் சுற்றினால் பிஸ்டனும் வால்வும் மோதும். மெக்கானிக்கிடம் சொல்லும்போது அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து அனுப்புங்கள், பார்த்த மாதிரியே புரியும்.

"எங்களது எலெக்ட்ரிக் கார். 80 சதவீதம் சார்ஜ் இருக்கு, ஆனா ஆன் ஆகவே மாட்டேங்குது. பெரிய பேட்டரி போச்சா?"

பெரும்பாலும் இல்லை. எலெக்ட்ரிக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். கதவு, மீட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்ச்சை மூடுவதற்கும் அந்தச் சின்ன பேட்டரிதான் வேண்டும். அது படுத்தால் அடியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வெளியே வராது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் பெரிய பேட்டரியிலிருந்தே ஒரு கன்வெர்ட்டர் இதற்குச் சார்ஜ் தருகிறது. கார் நீண்ட நாள் சும்மா நின்றால் பெட்ரோல் காரைப் போலவே இதுவும் இறங்கும்.

அந்த 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் கார் விழிக்கும். கையேடு அனுமதித்தால், ஜம்ப் ஒயர் மாட்டும் வரிசை மேலே சொன்னதேதான். மாட்டும் இடத்தை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் போகிறது. இன்னொரு பெட்ரோல் காருக்கு உங்கள் எலெக்ட்ரிக் காரிலிருந்து ஒயர் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் இழுப்புக்காக அந்தச் சின்ன பேட்டரியைச் செய்யவில்லை.